லிப்டன் கோப்பையின் ஊரைத் தேடி: டர்ஹாமின் சிறு மைதானங்களில் சில நாட்கள்

நவம்பர் 8, வெள்ளி. பிஷப் ஆக்லாந்து

லண்டனில் அலுவலக வேலை முடிந்து கையில் சில நாட்கள் மீதமிருந்தபோது, உடன் வந்தவர்கள் எல்லோரும் பெரிய கழகங்களின் அரங்குகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் வடகிழக்கே டர்ஹாம் மாவட்டத்துக்கு ரயில் ஏறினேன். அதற்குக் காரணம் என் பாட்டி. இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே, தாமஸ் லிப்டன் 1890-இல் வாங்கிய தோட்டங்களில் ஒன்றில் கொழுந்து பறித்தவர் அவர். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கூடலூருக்கு அப்பால் சேரம்பாடியில், அரசு நடத்தும் டான்டீ தோட்டத்தில்தான் அப்பா வளர்ந்தார். தோட்டத்து அணியில் பந்து ஆடினார். எங்கள் வீட்டில் லிப்டன் என்பது முதலில் ஒரு துரையின் பெயர். தேயிலைப் பொட்டலம் பிறகுதான் வந்தது. அந்தத் துரை கொடுத்த வெள்ளிக் கோப்பைக்காக 1909-இல் இத்தாலியின் டுரின் நகரில் ஒரு கால்பந்துப் போட்டி நடந்ததென்றும், அதை வென்றவர்கள் வெஸ்ட் ஆக்லாந்து என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் என்றும் கல்லூரி நாட்களில் படித்ததிலிருந்து, அந்த ஊரின் மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டார்லிங்டனில் இறங்கி, சின்ன ரயிலில் பிஷப் ஆக்லாந்து வந்து சேரும்போது மாலை நான்கரைதான்; அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தூறல் நிற்கவில்லை. இரவு உணவுக்கு மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் விற்கும் கடையில் வரிசையில் நின்றேன். விலை பத்து பவுண்ட். இரண்டு பேருக்குப் போதுமான அளவு. எனக்கு முன்னால் நின்ற முதியவர், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று விசாரித்து, பந்தாட்டம் பார்க்க வந்தேன் என்றதும் முகம் மலர்ந்து, நாளை மூன்று மணிக்கு க்ரூக் மைதானத்துக்கு வந்துவிடும்படியும், கம்பளிக் காலுறையை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொள்ளும்படியும் சொன்னார். முதல் அறிவுரையைவிட இரண்டாவது முக்கியமானது என்பது மறுநாள் தெரிந்தது.

நவம்பர் 9, சனி. க்ரூக்

1888-இல் தொடங்கிய ஃபுட்பால் லீக்கின் வழிவந்த நான்கு அடுக்குகளில் இன்று 92 கழகங்கள் ஆடுகின்றன. அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கிலாந்தில் வழங்கும் பெயர் 'நான்-லீக்'. க்ரூக் டவுன் ஆடும் நார்தர்ன் லீக் 1889-இல் தொடங்கியது. இன்றும் நடக்கும் லீக்குகளில் உலகிலேயே இரண்டாவது பழமையானது என்று இந்தப் பக்கத்தவர்கள் பெருமையுடன் சொல்கிறார்கள். ஆனாலும் இன்றைய ஏற்பாட்டில் அதன் இரண்டு பிரிவுகளும் ஒன்பதாம், பத்தாம் அடுக்குகளில் இருக்கின்றன. மற்ற லீக்குகளெல்லாம் ஏறவும் இறங்கவும் வழியுள்ள ஒரே கோபுரமாகச் சேர்ந்தபோது இது வெகுகாலம் தனித்தே நின்று, 1991-இல்தான் சேர்ந்தது. அந்தத் தாமதத்தின் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது நான் சந்தித்த பலரின் வருத்தம்.

நுழைவுக் கட்டணம் எட்டு பவுண்ட், ஆட்டக் கையேடு இரண்டு பவுண்ட், தேநீர் ஒன்றரை பவுண்ட். ஆட்டம் தொடங்குமுன், போரில் இறந்தவர்களுக்காக இரண்டு அணிகளும் நடுவட்டத்தைச் சுற்றி நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தன. அந்த ஒரு நிமிடத்தில் தேநீர்க் குடிலின் கொதிகலன் சீறுவது மட்டுமே மைதானம் முழுவதும் கேட்டது. பார்வையாளர்கள் இருநூறு பேர் இருக்கலாம். காற்று மேற்கிலிருந்து குறுக்கே வீசியதால், உயரே அடித்த பந்துகள் எல்லாம் ஒரே பக்கத்து வேலியில் போய் விழுந்தன.

என்னை முதலில் வியக்க வைத்தது இடைவேளையில் நடந்தது. இரு அணியின் ரசிகர்களுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. நடுவர் விசில் ஊதியதும், உள்ளூர் ரசிகர்கள் கட்டியிருந்த துணிப்பதாகையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, தங்கள் அணி அடுத்த பாதியில் தாக்கப்போகும் கோலுக்குப் பின்னால் நடந்தார்கள். எதிரணியைச் சேர்ந்தவர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். நடுவழியில் சந்தித்தவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். பியர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார்கள். மேல் ஐந்து அடுக்குகளில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. இங்கே அந்தத் தடை இல்லை, ஆனால் ஒருவரும் நிலை தவறவில்லை.

மீன் கடையில் பார்த்த முதியவர் என்னைத் தேடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். வயது எண்பது. 1954-ஆம் ஆண்டின் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஊதியம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கென்று 1893 முதல் 1974 வரை இங்கிலாந்தில் தனிக் கோப்பை இருந்தது. அந்த ஆண்டு இறுதிக்கு வந்த இரண்டு அணிகள் க்ரூக்கும் பிஷப் ஆக்லாந்தும். ஒன்றுக்கொன்று எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தூரமே உள்ள ஊர்கள். வெம்ப்லியில் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் 2–2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2–2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டத்தில் க்ரூக் 1–0 என்று வென்றது. மூன்றையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அவர் அப்போது பத்து வயதுப் பையன்; நியூகாசில் ஆட்டத்துக்கு அப்பாவுடன் போயிருக்கிறார். கோல்கள் நினைவிருக்கின்றனவா என்று கேட்டேன். இல்லை என்றார். அவருக்கு நினைவிருப்பது ஒரு மணை. சுரங்கத்தில் தாழ்ந்த இடங்களில் உட்கார்ந்து வெட்டுவதற்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த குட்டை மணையை இந்தப் பக்கத்தில் 'கிராக்கெட்' என்பார்கள். அவருடைய அப்பா தம்முடைய கிராக்கெட்டை எடுத்துவந்து, மகனை அதன் மேல் ஏற்றி நிறுத்தினார். அதைப் பேருந்திலிருந்து மைதானத்துக்கும், கூட்டத்தின் நெரிசலில் திரும்பப் பேருந்துக்கும் சுமப்பது பையனின் வேலை. தொலைத்துவிட்டால் அடுத்த வேலை நாளில் அப்பாவுக்கு உட்கார மணை இருக்காது என்ற பயத்தில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்ததை அவர் கைகளால் செய்து காட்டினார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கைகள் அந்த மணையின் அளவுக்குத்தான் விரிந்தன.

நான் வாங்கிய ஸ்டாட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தட்டையான பெரிய ரொட்டி. உள்ளே பன்றித் தொடைக்கறியும், மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்த 'பீஸ் புட்டிங்'கும். தாளிக்காத பருப்புக் கடைசல் ஆறிப்போனால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. நான்கு பவுண்ட். இரவு வரை பசிக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு. வெஸ்ட் ஆக்லாந்து

பேருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு என்பதால் பிஷப் ஆக்லாந்திலிருந்து நடந்தே போனேன். சுமார் ஒரு மணி நேரம். மழை இல்லை, வானம் ஈயத் தகடுபோல் கிடந்தது. ஊருக்கு நடுவே நீளமான பசும்புல் வெளி. போர் நினைவு ஞாயிறு என்பதால் எங்கும் சிவப்புப் பாப்பி மலர் வளையங்கள். அந்தப் புல்வெளியில்தான் கோப்பை வென்றவர்களுக்கான நினைவுச் சிலை இருக்கிறது.

1909-இல் இத்தாலியும் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் தங்கள் கழகங்களை அனுப்ப, இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் மட்டும் யாரையும் அனுப்ப மறுத்துவிட்டது. பிரிட்டன் இல்லாமல் போட்டி நடப்பதை லிப்டன் விரும்பவில்லை. அழைப்பு எப்படி இந்தச் சுரங்க ஊருக்கு வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். W.A. என்ற முதலெழுத்துச் சுருக்கத்தில் வந்த குழப்பத்தால் லண்டனின் வூல்விச் ஆர்சனல் கழகத்துக்குப் போக வேண்டியது இங்கே வந்துவிட்டது என்பதும் அவற்றில் ஒன்று. டுரினுக்குப் போன இந்த ஊர்க்காரர்கள் ஸ்டுட்கார்ட் அணியையும், பிறகு இறுதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரையும் 2–0 என்று வென்றார்கள். 1911-இல் கோப்பையைக் காக்கத் திரும்பப் போய், இறுதி ஆட்டத்தில் யுவென்டஸை 6–1 என்று தோற்கடித்தார்கள். இரண்டு முறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே நிரந்தரமாகக் கிடைத்தது. ஆனால் பயணச் செலவு கழகத்தைக் கடனில் தள்ளியதால், ஊரிலிருந்த விடுதியை நடத்திய அம்மாவிடம் 40 பவுண்டுக்கு அதை அடகு வைத்தார்கள். 1960-இல்தான் 100 பவுண்ட் கொடுத்து மீட்க முடிந்தது. 1994-இல் தொழிலாளர் மன்றத்திலிருந்து அது திருடுபோனது. அசல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஊரில் இருப்பது அதைப் போலவே செய்த படிக் கோப்பை.

சிலைக்கு எதிரே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடகு வைத்த பொருளை மீட்க 49 ஆண்டுகள் ஆவது எவ்வளவு காலம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். இந்தக் கோப்பையின் வெள்ளி எங்கள் பாட்டிமார் பறித்த கொழுந்திலிருந்து வந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கும் இப்படி ஒரு கோப்பை இருந்தது தெரியாது. நிலத்துக்கு அடியில் வெட்டியவர்கள் ஒரு பக்கம், மலைமேல் பறித்தவர்கள் இன்னொரு பக்கம். நடுவே ஒரு துரையின் பெயர்.

மதியம் அங்கிருந்த விடுதியில் வறுத்த மாட்டிறைச்சியும் யார்க்ஷயர் புட்டிங்கும் உருளைக்கிழங்கும் கொண்ட ஞாயிறு உணவு, 14 பவுண்ட். பரிமாறிய பெண் என்னை 'பெட்' என்று அழைத்தார். நம் பக்கத்தில் முன்பின் தெரியாத பிள்ளையைக் 'கண்ணு' என்பதுபோல, இங்கே வயது பார்க்காமல் எல்லோருக்கும் அது உண்டு. வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் சமையலறையிலிருந்து தம் தந்தையை அழைத்து வந்தார். 2012-இலும் 2014-இலும் சிறு கழகங்களுக்கான வேஸ் கோப்பையின் இறுதிக்கு வெம்ப்லி சென்று வெஸ்ட் ஆக்லாந்து தோற்றதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அவற்றைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் பேசினார். ஆனால் ஒரு குளிர்காலத்தில் ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு பெய்த பனியை ஊரே திரண்டு வந்து அள்ளியதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்: யார் வீட்டுச் சக்கர வண்டி, யார் கொண்டுவந்த தேநீர்க் குடுவை, கோட்டுச் சுண்ணாம்பைக் கண்டுபிடிக்கத் துடைப்பத்தால் எப்படிப் பெருக்கினார்கள் என்பதெல்லாம். யாருடன் ஆட்டம், எத்தனை கோல் என்றால் அவருக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 11, திங்கள். மழை

காலை முதல் அடைமழை. சுரங்கத் தொழிலாளர்களே வரைந்த ஓவியங்கள் கொண்ட கூடம் பிஷப் ஆக்லாந்தில் இருக்கிறது. அதன் வாசல் வரை போய், அன்று திறப்பதில்லை என்று அறிந்து திரும்பினேன். குடை காற்றில் மடங்கி உடைந்தது. புதியது எட்டு பவுண்ட்.

பிஷப் ஆக்லாந்து கழகம் முன்பு ஆடிய கிங்ஸ்வே மைதானத்தைத் தேடிப் போனேன். கிரிக்கெட் கழகத்துடன் பங்கிட்டுக்கொண்ட இடம் என்பதால் மூன்று பக்கங்களில் மட்டுமே பார்வையாளர்கள் நின்றிருக்கிறார்கள். நான்காவது பக்கம் திறந்த கிரிக்கெட் வெளி. அமெச்சூர் கோப்பையை வேறு எந்தக் கழகத்தையும்விட அதிகமாக, பத்து முறை வென்ற அணி இங்கே ஆடியது. அதில் 1955, 56, 57 மூன்றும் தொடர்ந்து. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஆட்டக்காரர்களை இழந்து நின்றபோது, இந்தச் சிற்றூர்க் கழகம் பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூவின், வாரன் பிராட்லி ஆகிய மூவரை உதவிக்கு அனுப்பியது. பிராட்லி அங்கேயே நிலைத்து, அடுத்த ஆண்டு இங்கிலாந்து அணிக்கும் ஆடினார். வேலி ஓரமாக நாயுடன் நடந்த ஒருவர், சிறுவயதில் கிரிக்கெட் பக்கம் ஓடும் பந்துகளை எடுத்துத் தரும் வேலை தமக்கு இருந்ததையும், நனைந்த தோல்பந்து கல்லைப் போல் கனத்ததையும் சொன்னார். மழை வலுத்ததால் பேச்சு நீளவில்லை.

நவம்பர் 12, செவ்வாய். ஒரு கிராம மைதானம்

மாலை ஏழரைக்கு விளக்கொளியில் ஒரு ஆட்டம் இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அன்று நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்றாலும் அவர்களுக்கு அது வருத்தமான நாள். திரும்பி வரும் கடைசிப் பேருந்தைப் பற்றி நான் சரியாக விசாரிக்காமல், மதியம் மூன்று மணிக்கே போய் இறங்கிவிட்டேன். மழை நின்று வெயில்கூட எட்டிப்பார்த்தது. ஆனால் ஒரு கோல் கம்பத்தின் முன்னால் குளம்போல் தண்ணீர் தேங்கியிருந்தது. கழகத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், நான்கு பல் கொண்ட இரும்பு முள்ளால் தரையைக் குத்திக் குத்தித் தண்ணீரை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வேலை தெரியும். தேயிலைத் தோட்டங்களில் அதற்கு முள்ளுக் குத்துதல் என்று பெயர். செடிகளுக்கு நடுவே இறுகிப்போன மண்ணை இளக்குவதற்குச் செய்வது. விடுமுறை நாட்களில் அப்பாவோடு நானும் குத்தியிருக்கிறேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு முள் கொடுங்கள் என்று கேட்டேன். காலணியைப் பார்த்துத் தயங்கிய செயலாளர், பிறகு தம் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு அளவு பெரியது. பல்லை நேராக இறக்கி, கைப்பிடியைச் சற்றே பின்னால் சாய்த்து, மண்ணைப் புரட்டாமல் இழுக்க வேண்டும். நான் அப்படிச் செய்வதைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். லிப்டனா என்றார். ஆம் என்றேன். அவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தம் பாட்டனார் சுரங்கத்தில் இறந்த வயதைச் சொன்னார். நாங்கள் மறுபடியும் குத்தத் தொடங்கினோம்.

இரண்டரை மணி நேரம் வேலை செய்தோம். இடையிடையே அவர்கள் சொல்லிக்கொண்ட நினைவுகள் எல்லாம் மைதானத்தைப் பற்றியவை: விளக்குக் கம்பம் நட ஒவ்வொரு வீட்டிலும் வசூலித்தது, கூரைத் தகரம் காற்றில் பறந்து அடுத்த வயலில் விழுந்தது, ஓட்டைவிழுந்த கோல்வலையை ஒரு மீனவர் வந்து முடிந்து தந்தது. பெரிய அரங்கில் ரசிகன் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறான். அவனுடைய நினைவில் கோல்கள் இருக்கும். இவர்கள் பார்த்ததைவிடச் செய்தது அதிகம். ஆகவே நினைவில் இருப்பதும் அதுவே என்று அந்தச் சேற்றில் நின்றபோது எனக்குப் புரிந்தது.

ஆறு மணிக்கு நடுவர் வந்தார். பந்தைத் தலை உயரத்திலிருந்து கோல் முன்னால் போட்டார், எழும்பவில்லை. இன்னும் மூன்று இடங்களில் போட்டுப் பார்த்தார். கடைசியில் செயலாளரிடம் போய்க் கையைக் குலுக்கி, மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆட்டம் ரத்து. யாரும் வாதிடவில்லை. ஒருவர் மட்டும் முள்ளைத் தரையில் ஊன்றிவிட்டு வெகுநேரம் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுட்டுவைத்த 'பை' பலகாரமெல்லாம் வீணாகுமே என்று தேநீர்க் குடிலில் இருந்த அம்மாள் எல்லோருக்கும் கொடுத்தார். இறைச்சிக் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வேறு. என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்கு ஈடாக அவரிடமிருந்து ஒரு பவுண்டுக்கு 'கோல்டன் கோல்' சீட்டு வாங்கினேன். சீட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு நிமிடக் கணக்கு இருக்கும்; முதல் கோல் அந்த நிமிடத்தில் விழுந்தால் பரிசு, மீதிப் பணம் கழகத்துக்கு. என் சீட்டில் 63 என்று இருந்தது. ஆட்டம் எந்த நாளில் நடந்தாலும் செல்லும் என்றார்.

கடைசிப் பேருந்து போயிருந்தது. லிப்டனா என்று கேட்டவர் தம் காரில் பிஷப் ஆக்லாந்து வரை கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்க முயன்றதற்கு வருத்தப்பட்டார். சீட்டை அவரிடம் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 13, புதன். டார்லிங்டன்

இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளம். ரயில் முப்பது நிமிடம் தாமதம். நிலையத்தில் காகிதக் கோப்பைத் தேநீர் மூன்று பவுண்டுக்கு மேல்; மைதானக் குடிலின் தேநீர் இதைவிட இரண்டு மடங்கு கடுப்பாகவும் பாதி விலையாகவும் இருந்தது.

நவம்பர் 21, வியாழன். சேரம்பாடி

அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடிக்க இரண்டு நாட்கள் ஆயின. சிலையின் படத்தைப் பார்த்தார். பிறகு மைதானத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, கோடு எதில் போடுகிறார்கள் என்று கேட்டார். இப்போது வெள்ளைப் பெயின்ட் என்றேன். தோட்டத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பை எடுத்து, கயிற்றைக் கட்டிக் குனிந்தபடியே கோடு போட்டது அவர்தான். கயிற்றின் மறுமுனையை யார் யார் பிடித்தார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். அவர் போட்ட கோல்களைப் பற்றி நான் கேட்டுத்தான் சொன்னார்.

இன்று காலை காரில் கொண்டுவந்து விட்டவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. ரத்தான ஆட்டம் செவ்வாய் இரவு நடந்துவிட்டது. தரை ஈரமாக இருந்தாலும் தாங்கியது. முடிவு 2–2. முதல் கோல் 61-ஆம் நிமிடத்தில் விழுந்ததாம்.